பொருள் திரும்பிப் போச்சு, டெலிவரி காசு எங்கே போச்சு?

ஆன்லைனில் வாங்கிய பொருளை எப்போதாவது திருப்பி அனுப்பியவரா நீங்கள்? அப்படியென்றால் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். முதலில் கட்டிய தொகையையும், ரீஃபண்ட் என்று சொல்லிக் கணக்கில் வந்து விழுந்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பல பேருக்கு இரண்டும் ஒன்றாக இருக்காது. நாற்பதோ ஐம்பதோ குறையும். அதுதான் டெலிவரி சார்ஜ். பொருள் போன வழியே போய்விட்டது, அந்தக் காசு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது...

"அட, ஐம்பது ரூபாய்க்கு யாருப்பா சண்டை போடுவா?" என்று தோன்றும். எல்லோருக்கும் அப்படித் தோன்றுவதால்தான் அந்த ஐம்பது ரூபாய் யாருக்கும் திரும்பி வருவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குற்றாலத்தில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி நீல நிறத்தில் சுடிதார் செட் ஒன்று ஆர்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம் (கற்பனைதான், பெயரெல்லாம் எதற்கு). விலை 449 ரூபாய். டெலிவரி 59. வீட்டில் கார்டு எதுவும் கிடையாது, அதனால் கேஷ் ஆன் டெலிவரி, அதற்குத் தனியாக 10. ஆக மொத்தம் 518 ரூபாய். பார்சலைப் பிரித்தால் உள்ளே இருப்பது பச்சை. அதுவும் தோள்பட்டையில் தையல் விட்டிருக்கிறது. ரிட்டன் போடலாம் என்று ஆப்பைத் திறந்தால், "உங்கள் பின்கோடுக்கு பிக்கப் வசதி இல்லை, நீங்களே அனுப்பிவிடுங்கள்" என்கிறது. சாரலில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தபால் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்து, 80 ரூபாய் கட்டி அனுப்புகிறார். பத்து நாள் கழித்து 449 ரூபாய் வருகிறது. "ரீஃபண்ட் வெற்றிகரமாக முடிந்தது" என்று ஒரு மெசேஜும் வருகிறது.

இதில் வெற்றி யாருக்கு? 59, 10, 80, மொத்தம் 149 ரூபாய் போச்சு. துணி விலையில் மூன்றில் ஒரு பங்கு. கையில் துணியும் இல்லை. தவறு செய்தது அனுப்பியவர், அபராதம் கட்டியது வாங்கியவர். என்ன நியாயம் இது?

பிக்கப் இல்லாத பின்கோடு என்பது சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியாத ஒரு துக்கம். தென்காசி டவுனுக்குள் இருப்பவருக்கு ஏதாவது ஒரு கூரியர் ஆள் வந்துவிடுவார். மலையடிவாரத்துக் கிராமங்களுக்கு எல்லாக் கம்பெனியும் எல்லா நாளும் வருவார்கள் என்று சொல்ல முடியாது. கொண்டுவந்து கொடுக்க வரும் வண்டிக்கு, திரும்ப எடுத்துக்கொண்டு போக மட்டும் வழி தெரியாமல் போய்விடும். 2011-லிருந்து மத்தளம்பாறையில் உட்கார்ந்துகொண்டு உலகம் முழுக்க சாஃப்ட்வேர் விற்கிறது ஜோஹோ. அதே பக்கத்தில் இருக்கும் ஒருவர் ஒரு செருப்பைத் திருப்பி அனுப்ப பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்றால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இந்த இடத்தில் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். கடையில் வாங்கினால் மட்டும் என்ன வாழ்கிறதாம்? இலஞ்சியிலிருந்து தென்காசிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு குடை வாங்குகிறார் ஒருவர். மறுநாள் அது விரியவில்லை.

"அண்ணாச்சி, நேத்து வாங்கிட்டுப் போன குடை, விரியவே மாட்டேங்கு."

"விரியலையா? கொண்டா தம்பி பாப்போம்... ஆமா, கம்பி மாட்டிக்கிட்டு இருக்கு. சரி, வேற ஒண்ணு எடுத்துக்கோ."

முடிந்தது. (எல்லா அண்ணாச்சியும் இப்படி இல்லை, "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லிலேயே அச்சடித்து வைத்திருப்பவர்களும் உண்டு.) ஆனால் அண்ணாச்சி பஸ் காசைத் திருப்பித் தரவில்லையே, அப்புறம் ஆன்லைன் கடைக்காரர் மட்டும் ஏன் டெலிவரி காசைத் தர வேண்டும்?

கேள்வி நியாயமானதுதான். பதிலும் சுலபம். பஸ் டிக்கெட் காசை அண்ணாச்சி வாங்கவே இல்லை. அது அரசுப் பேருந்துக் கழகத்துக்குப் போனது. டெலிவரி காசு அப்படி இல்லை. பொருளின் விலையோடு சேர்த்து, ஒரே தொகையாக, ஒரே பட்டனை அமுக்கி, விற்றவரிடமே கட்டியது. அவர் அதை கூரியர்காரருக்குக் கொடுத்தாரா, அதில் கொஞ்சம் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாரா என்பது வாங்கியவருக்குத் தெரியவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

காமர்ஸ் படிக்கும் மக்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். முதல் வருடமே இறுதிக் கணக்குகளில் என்ன சொல்லித் தருகிறார்கள்? உள் தூக்குக்கூலியை எங்கே எழுதுவோம்? வியாபாரக் கணக்கில், பற்றுப் பக்கத்தில், கொள்முதலுக்குக் கீழே. ஏன் இலாப நட்டக் கணக்கில் எழுதுவதில்லை? சரக்கை நம் இடத்துக்குக் கொண்டுவரும் செலவு, சரக்கின் அடக்கவிலையில் ஒரு பகுதி என்பதால். சரக்கிருப்பை மதிப்பிடுவதற்கான கணக்கியல் தரம் 2-ம் இதையேதான் சொல்கிறது. வாங்கும் அடக்கத்தில் உள்வரும் சரக்குக்கான போக்குவரத்துச் செலவும் சேரும். ஆக, கம்பெனி தனக்காக ஒரு பொருளை வாங்கும்போது டெலிவரி காசு விலையின் ஒரு பாகம். அதே கம்பெனி நமக்கு ரீஃபண்ட் தரும்போது மட்டும் அது விலையோடு ஒட்டாத தனிச் சேவை ஆகிவிடுகிறது. பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் கிடைக்குமா?

ஜிஎஸ்டி இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2017-ஆம் வருட மத்திய ஜிஎஸ்டி சட்டத்தில் 2(30)-ஆம் பிரிவு கூட்டு வழங்கல் என்றால் என்ன என்று விளக்குகிறது. அதற்குச் சட்டத்திலேயே கொடுத்திருக்கும் உதாரணம் எது தெரியுமா? பொருளை பேக் செய்து, இன்சூரன்ஸோடு, வண்டியில் ஏற்றி அனுப்புவது. பொருள், பேக்கிங், வண்டி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரே வழங்கல். அதில் பொருள்தான் முதன்மை. வரி வசூலிக்கும்போது பொருளும் டெலிவரியும் புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒன்று. ரீஃபண்ட் தரும்போது விவாகரத்து! :-)

சரி, நுகர்வோர் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். அதே மாதம் மின்வணிக விதிகள் 2020 என்று தனியாக ஒன்றும் வந்தது. அதில் 6-ஆம் விதி விற்பனையாளருக்கானது. பொருளில் குறைபாடு இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்கு மேல் தாமதமாக வந்தாலோ, பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது, வாங்கிய மறுபயனைத் திருப்பித் தர மறுக்கவும் கூடாது. (தாமதத்துக்கு மட்டும், வெள்ளம் புயல் மாதிரி கைமீறிய காரணமென்றால் விலக்கு உண்டு.)

மறுபயன். இந்த ஒரு வார்த்தையில்தான் மொத்த விஷயமும் தொங்குகிறது. விதியில் விலை என்று இல்லை, மறுபயன் என்று இருக்கிறது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் 2(d) படித்தவர்களுக்குத் தெரியும், எதிராளி கேட்டதற்காக ஒருவர் கொடுப்பதோ செய்வதோதான் மறுபயன். அந்த மாணவியிடம் கேட்டது எவ்வளவு? 518. கொடுத்தது எவ்வளவு? 518. 449 கொடுத்திருந்தால் பார்சலைக் கையில் தந்திருப்பார்களா?

போதாததற்கு அதே 6-ஆம் விதி இன்னொன்றையும் கட்டாயமாக்குகிறது. மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், அதற்குள் டெலிவரி கட்டணம், தபால் மற்றும் கையாளும் கட்டணம், வரி எல்லாம் எவ்வளவு எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும். அதாவது டெலிவரி காசு மொத்த விலைக்கு உள்ளே இருக்கிறது என்று விதியே ஒப்புக்கொள்கிறது. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். "மறுபயன் என்பதில் டெலிவரி கட்டணமும் அடக்கம்" என்று அந்த விதியில் பச்சையாக எழுதவில்லை. அந்த ஒரு வரி இல்லாத ஓட்டை வழியாகத்தான் இத்தனை ஐம்பது ரூபாய்களும் ஒழுகிக்கொண்டிருக்கின்றன.

ஐரோப்பாவிலும் இதே ஓட்டை ஒரு காலத்தில் இருந்தது. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் ஹைனே என்று ஒரு தபால்வழி விற்பனைக் கம்பெனி. ஆர்டருக்கு 4.95 யூரோ டெலிவரி கட்டணம், பொருளைத் திருப்பினாலும் அந்தக் காசு வராது என்பது அவர்கள் நிபந்தனை. நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநில நுகர்வோர் சங்கம் வழக்குப் போட்டது. வழக்கு ஜெர்மனியின் கோர்ட்டுகளில் ஏறி ஏறி, கடைசியில் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2010 ஏப்ரல் 15-ஆம் தேதி தீர்ப்பு. வாங்கியவர் ஒப்பந்தத்திலிருந்து விலகினால் டெலிவரி காசையும் சேர்த்தே தர வேண்டும். அந்தக் காசைப் பிடித்துக்கொண்டால், திருப்பி அனுப்பும் உரிமையைப் பயன்படுத்தவே ஜனங்கள் தயங்குவார்கள் என்பது கோர்ட் சொன்ன முக்கியமான காரணம். வெறும் 4.95 யூரோ! அங்கேயும் "இதுக்குப் போய் யாரு..." என்று பல பேர் விட்டிருப்பார்கள். ஒரு சங்கம் விடவில்லை.

அதற்குப் பிறகு 2011-இல் வந்த ஐரோப்பிய நுகர்வோர் உரிமை ஆணை இதைச் சட்டமாகவே எழுதிவிட்டது, 2014 ஜூனிலிருந்து அமல். அதில் இருக்கும் பங்கீடு கவனிக்க வேண்டியது. வாங்கி 14 நாளுக்குள், எந்தக் காரணமும் சொல்லாமல், மனசு மாறிவிட்டது என்றாலும் திருப்பலாம். போகும்போது கட்டிய சாதாரண டெலிவரி காசு திரும்ப வரும். அவசரம் என்று எக்ஸ்பிரஸ் டெலிவரிக்குக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அந்தக் கூடுதல் மட்டும் வராது. திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது. ஆனால் அதை விற்பவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாவிட்டால் அதுவும் விற்பவர் தலையில்.

இங்கே அப்படி ஒரு உரிமை கிடையாது. இது பல பேர் குழப்பிக்கொள்ளும் இடம். இந்தியாவில் ஆன்லைனில் வாங்கிய பொருளை "பிடிக்கவில்லை" என்று திருப்புவது சட்டம் தந்தது இல்லை, அந்தந்தக் கம்பெனி தன் வியாபாரத்துக்காகத் தருவது. 7 நாள் ரிட்டன், 10 நாள் ரிட்டன் எல்லாம் அவர்கள் கொள்கை. அதனால் மனசு மாறித் திருப்புபவர் டெலிவரி காசையும் தா என்று கேட்டால் சட்டத்தில் பிடிமானம் ரொம்பக் குறைவு. நியாயமாகப் பார்த்தாலும் கேட்கக் கூடாது. கல்யாணத்துக்குப் போட்டுவிட்டு மறுநாள் டேக்கை மாட்டித் திருப்பி அனுப்பும் புண்ணியவான்களுக்காக யாரும் வாதாட வேண்டாம்.

ஆக, யார் தவறு என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை முடிவு செய்யும் இடம் எது? கோர்ட்டா? இல்லை. ஆப்பில் ரிட்டன் பட்டனைத் தொட்டதும் "காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும்" என்று ஒரு பட்டியல் விழுகிறதே, அதுதான் கோர்ட். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது, அதுவும் வாங்கியவர் கையாலேயே. பட்டியலில் "மனம் மாறிவிட்டது", "இனி தேவையில்லை" என்பவற்றைத் தொட்டால் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலை முடியும். "குறைபாடுள்ள பொருள்", "வேறு பொருள் வந்திருக்கிறது" என்பதைத் தொட்டால் போட்டோ கேட்கும், விளக்கம் கேட்கும், சில சமயம் வீடியோ கேட்கும். நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும்போது எவருக்குப் பொறுமை? சீக்கிரம் முடியட்டும் என்று முதல் வரியைத் தொட்டுவிடுவார்கள். பச்சைச் சுடிதார் வந்தவரும், "மனம் மாறிவிட்டது" என்று தன் கையாலேயே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறார். அப்புறம் எந்த ஆணையத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக் காட்டும்.

துணியில் இன்னொரு சிக்கல், அளவு. "சைஸ் சரியில்லை" என்பது யார் தவறு? இதற்கு இஞ்ச் டேப் பதில் சொல்லும். பக்கத்தில் போட்டிருக்கும் அளவுப் பட்டியலில் மார்பு 38 என்று இருந்து, வந்த துணியை அளந்தால் 36 என்றால், அது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள். விற்றவர் தவறு. அளந்தால் சரியாக 38 இருக்கிறது, போட்டால்தான் பிடிக்கிறது என்றால்... ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது, பார்டர் கடை பரோட்டாவைத்தான் சொல்ல வேண்டும். டேப்பைத் துணி மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்துவைத்தால் வாக்குவாதமே வராது.

இப்போது எதிர்ப்பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஏனென்றால் விற்பவர் என்றாலே பெங்களூரில் கண்ணாடிக் கட்டடத்தில் இருப்பவர் என்று நினைத்துக்கொள்கிறோம். சங்கரன்கோவிலில் சேலை வாங்கி ஆன்லைனில் போட்டு விற்பவரும் விற்பவர்தான். வீட்டிலேயே ஊறுகாய் போட்டு பாட்டிலில் அடைத்து அனுப்பும் அக்காவும் விற்பவர்தான். 300 ரூபாய் பொருளில் அவருக்கு 60 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பார்சல் போய்த் திரும்ப 120 ரூபாய் ஆகும்போது இரண்டு வியாபாரத்தின் லாபம் காலி. அதிலும் கேஷ் ஆன் டெலிவரியில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு "வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும் ஆட்களால் சின்ன வியாபாரிகள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் தவறே செய்யவில்லை, ஆனாலும் போக வரச் செலவு அவர்கள் தலையில். இலவச ரிட்டன் என்று பெரிய கம்பெனிகள் பழக்கிவிட்ட பழக்கத்தின் செலவையும் கடைசியில் இவர்கள்தான் சுமக்கிறார்கள்.

அதனால் எல்லா ரிட்டனுக்கும் டெலிவரி காசைக் கொடு என்று சட்டம் போடுவது சரியாக இருக்காது. அப்படிப் போட்டால் அந்தச் செலவு எல்லார் பொருளின் விலையிலும் ஏறும், திருப்பவே திருப்பாதவரும் சேர்த்துக் கட்டுவார். தவறு விற்பவருடையது என்றால் போன காசு, வந்த காசு இரண்டும் அவருடையது. மனசு மாறியது வாங்கியவருக்கு என்றால் இரண்டும் இவருடையது. மூன்று பொருள் வாங்கி ஒன்று மட்டும் பழுது என்றால், டெலிவரி காசில் அந்த ஒன்றுக்கு உரிய பங்கு. இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, அண்ணாச்சியிடம் கேட்டாலே சொல்லுவார்.

பழைய சட்டத்தில்கூட இந்த நியாயம் இருக்கிறது. 1930-ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டம், 43-ஆம் பிரிவு. வந்த சரக்கை மறுக்கும் உரிமை வாங்கியவருக்கு இருந்து, அவர் மறுத்துவிட்டால், அதைத் திருப்பி அனுப்பும் கடமை அவருக்கு இல்லை. "ஏற்க மறுக்கிறேன்" என்று தெரிவித்தால் போதும். அதாவது, பழுதான சரக்கைத் தூக்கிக்கொண்டு தபால் ஆபீஸுக்கு நடக்க வேண்டிய வேலை வாங்கியவருடையதே இல்லை! வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், அன்றைக்கு ரயிலில் மூட்டை அனுப்பும் வியாபாரிகளுக்காக எழுதியது, இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது. ஒரே ஒரு கொக்கி, "வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய" என்று அந்தப் பிரிவு ஆரம்பிக்கிறது. நாம்தான் படிக்காமலே "ஒப்புக்கொள்கிறேன்" என்று டிக் அடித்துவிட்டோமே...

அந்த டிக்கை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது என்பதற்காகத்தான் 2019 சட்டம் வந்தது. அதில் 2(47)-ஆம் பிரிவு, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும், அதற்கான மறுபயனை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதையும் நேர்மையற்ற வணிக முறை என்கிறது. இங்கேயும் அதே வார்த்தைதான், மறுபயன். ஒப்பந்த நிபந்தனையே அநியாயமானது என்று அடித்து நொறுக்க வேண்டுமென்றால் மாநில ஆணையம் வரை போக வேண்டும். பணத்தைத் திரும்ப வாங்க மட்டும் என்றால் மாவட்ட ஆணையமே போதும்.

2019-க்கு முன்னால் இதெல்லாம் பேசிப் பிரயோஜனம் இல்லாமல் இருந்தது. எதிர்த்தரப்பு எங்கே இருக்கிறதோ, பிரச்சினை எங்கே எழுந்ததோ அங்கேதான் வழக்கு என்பது பழைய 1986 சட்டம். கம்பெனி டில்லியில், பார்சல் குற்றாலத்தில் என்றால் பிரச்சினை எங்கே எழுந்தது என்பதிலேயே பாதி வழக்கு ஓடிவிடும். புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே, வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று மாற்றிவிட்டது. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. 2020 செப்டம்பரில் ஆன்லைனில் தாக்கல் செய்யும் வசதி வந்தது, 2025 ஜனவரியிலிருந்து ஈ-ஜாக்ரிதி என்ற தளம். வீடியோ மூலம் விசாரணைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும், பெயரோடும் தொடர்பு விவரத்தோடும். எங்கேயோ அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று பத்துத் தடவை சொல்லும் அந்த ரோபோவிடம் பேசுவது இதில் சேராது. எழுதும்போது "பணம் வரவில்லை" என்று பொதுவாக எழுதாமல், கட்டியது 518, வந்தது 449, திருப்பி அனுப்பிய தபால் ரசீது 80, ஆக வர வேண்டியது 149 என்று கணக்காக எழுதுவது நல்லது. விற்பனையாளர், தளம் இரண்டு பேரையும் சேர்த்தே எழுத வேண்டும். இல்லையென்றால் தளம் விற்பனையாளரைக் கை காட்டும், விற்பனையாளர் "டெலிவரி கட்டணம் தளம் வாங்கியது" என்று திருப்பிக் கை காட்டுவார். தபால் ரசீதைத் தூக்கிப் போட்டவர்களுக்கு 80 ரூபாயைப் பொறுத்தவரை கடவுள்தான் துணை.

அலுவலர் அசையவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அது கோர்ட் இல்லை, உத்தரவு போடாது, ஆனால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும். பல கம்பெனிகள் ஐம்பது ரூபாய்க்காக அந்தப் பட்டியலில் தங்கள் பெயர் ஏறுவதை விரும்புவதில்லை.

உண்மையில் இந்த விஷயத்தில் தனி மனிதர்கள் ஒவ்வொருவராக 59 ரூபாய்க்கு ஆணையம் ஏறுவது வீண் வேலைதான். அதற்கென்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்றை 2020-இல் ஆரம்பித்தார்கள். ஒருவருக்காக இல்லாமல் நுகர்வோர் கூட்டத்துக்கே சேர்த்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. 2024 அக்டோபரில் ஓலா விஷயத்தில் அதைச் செய்தது. ரீஃபண்டைக் கூப்பனாக மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேங்க் கணக்கிலா கூப்பனாகவா என்று தேர்ந்தெடுக்கும் வசதியைக் கொடு என்று உத்தரவு போட்டது. அதற்கு முன்பே 2023 நவம்பரில், விலையை முதலில் குறைத்துக் காட்டிவிட்டு கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு கட்டணமாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது உட்பட 13 தந்திரங்களைத் தடைசெய்து வழிகாட்டுதலும் வெளியிட்டது. கட்டணம் உள்ளே வரும் வழியை இவ்வளவு யோசித்தவர்கள், அது வெளியே போகும் வழியை மட்டும் ஏன் யோசிக்கவில்லை? 6-ஆம் விதியில் ஒரே ஒரு வரி, "மறுபயன் என்பது டெலிவரி உள்ளிட்ட எல்லாக் கட்டணங்களையும், திருப்பி அனுப்பிய நியாயமான செலவையும் உள்ளடக்கும்" என்று சேர்த்தால் போதும். பின்கோடு பார்க்காமல் எல்லோருக்கும் வேலை முடியும்.

அந்த வரி வரும்வரை மேலே சொன்ன சுற்று வழிதான். ஒரு நல்ல செய்தி, புகார் கொடுக்க 69-ஆம் பிரிவு 2 வருடம் அவகாசம் தருகிறது. போன சீசனுக்கு வாங்கி, முதல் சாரலிலேயே ஒழுகி, திருப்பி அனுப்பி, டெலிவரி காசு மட்டும் வராமல் போன ரெயின்கோட்டுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. ரசீது மட்டும் எங்கே என்று தேடிப் பாருங்கள்.